ஜோடியில் மிஞ்சிய ஃபில்டர்

“பார்த்துட்டு ஒரே ஒரு வார்த்தை எழுதிக் கொடுங்க சார். கெட்டுப்போனதுன்னு.”

மேசை மேல் ஓர் அட்டைப் பெட்டி. ஓரங்கள் வெளுத்திருந்தன. மூடியில் ஒட்டிய டேப் பிரிக்கப்படவில்லை. உள்ளே ஒரு கார் ஆயில் ஃபில்டர்.

கொண்டு வந்தவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். அந்த வட்டாரத்தில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். உடம்பு தளர்ந்துவிட்டது. கைகள் மட்டும் இன்னும் வாலிபம்.

சர்வேயர் பெட்டியைத் தொடவில்லை. ஒரு காலத்தில் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக நொறுங்கிய வண்டிகளைப் பார்த்து மதிப்புப் போட்டவர். அந்த வேலையை விட்டுத் துப்பறிய வந்து வெகு நாளாகியும் பட்டப்பெயர் அவரை விடவில்லை.

“ஒரே வார்த்தைதானே மாஸ்டர்? எங்க பாஸ் ஒரு நாளைக்குப் பேசுறதே அவ்வளவுதான். இன்னிக்குண்டான கோட்டாவை உங்களுக்குக் கொடுத்துடுவார்” என்றாள் குருவி.

குருவி அவர் உதவியாளர். எடையால் வந்த பெயர். வாய்க்கு அந்தப் பெயர் பொருந்தாது.

மாஸ்டர் சிரிக்கவில்லை. சிரிப்பு என்று ஒன்று இருப்பதே அவருக்கு மறந்திருந்தது.

“என் பொண்ணு செத்து ரெண்டு மாசம் ஆகுது. பைபாஸ்ல போயிட்டிருக்கும்போது எஞ்சின் இறுகிப் பிடிச்சிடுச்சு. நடு ரோட்ல வண்டி நின்னுபோச்சு. பின்னாடி வந்த டேங்கர் நிக்கல.”

குருவி கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள்.

“டேங்கர்காரன் மேல கேஸ் நடக்குது. அது நடக்கட்டும். வண்டி ஏன் நின்னுது? ஆயில் பூரா வெளிய கொட்டிப்போச்சு. ஏன் கொட்டிச்சு? இதால.” பெட்டியைச் சுட்டினார். “இது ஜோடி. அவன் எப்பவோ ஆஃபர்ல ரெண்டா வாங்கி அலமாரியில போட்டு வச்சிருந்தான். வருஷக்கணக்கா. அதுல ஒண்ணை மாட்டினான். இது மிச்சம்.”

“அவன்னா?”

“மருந்துக் கடைக்காரன். என் பொண்ணு கட்டிக்கிட்டவன்.” மாஸ்டர் குரலில் ஏளனம் ஏறியது. “ஒவ்வொரு மாத்திரை அட்டையையும் திருப்பித் திருப்பித் தேதி பார்க்கிறவன். யாரோ பெத்த பிள்ளைக்குக் கொடுக்கிற காய்ச்சல் மருந்துக்குத் தேதி பார்ப்பான். என் பிள்ளை ஓட்டுற வண்டிக்குப் பார்க்க மாட்டான்.”

“பழசுன்னு நீங்களா முடிவு பண்ணினீங்களா?” சர்வேயர் முதன்முறையாகப் பேசினார்.

“அவனே ஒத்துக்கிட்டான் சார். யார்டுல கிடக்கிற வண்டியைப் போய்ப் பார்த்துட்டு நேரா என்கிட்ட வந்து நின்னான். ‘நான் போட்ட பழைய ஃபில்டர்தான் மாமா காரணம்’னான். அன்னியிலேர்ந்து அவன் முகத்துல முழிக்கல.”

“இப்ப எதுக்கு என் எழுத்து?”

“பேத்தி. நாலு வயசு. அவளை அவன்கிட்ட விட மாட்டேன். திங்கட்கிழமை கோர்ட்டு. பெண்டாட்டி உயிரையே அலட்சியமா வச்சிருந்தவன்கிட்டக் குழந்தையைக் கொடுக்கலாமான்னு வக்கீல் கேட்பார். அதுக்கு உங்க சர்டிஃபிகேட் வேணும்.”

சர்வேயர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“வண்டியில இருந்த முந்தின ஃபில்டரைக் கழட்டினது யாரு?”

“நான்தான். எப்பவும் நான்தான்.” மாஸ்டர் உள்ளங்கையை விரித்தார். “எவ்வளவு இறுகிக் கிடந்தாலும் டூல் இல்லாம கையாலேயே கழட்டுவேன். மாட்டுறது அவன். கல்யாணம் ஆனதுலேர்ந்து அப்படித்தான். ‘டாக்டரும் கம்பவுண்டரும் ஆபரேஷன் ஆரம்பிச்சிட்டாங்க’ன்னு அவ பக்கத்துல நின்னு டார்ச் அடிச்சுக்கிட்டே...”

நிறுத்திக்கொண்டார். எழுந்தார். கதவு வரை போய்த் திரும்பினார்.

“ஒரே வார்த்தை சார்.”

*

மேசை மேல் வெள்ளைத் துணி விரிக்கப்பட்டது.

சர்வேயர் முதலில் பெட்டியை முகர்ந்தார். அட்டையை விரலால் சுண்டினார். மொரமொரப்பாக ஒலித்தது. தண்ணீர் பட்ட கறை எங்குமில்லை. டேப்பைக் கிழித்து ஃபில்டரை எடுத்தார். தகர உடம்பில் நசுங்கல் இல்லை. துரு இல்லை. நடுத் துளையின் மரைக்குள் சுண்டுவிரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றி வெளியே எடுத்தார். விரல் சுத்தமாக இருந்தது.

“வெண்டைக்காய் வாங்குற மாதிரி இருக்கு பாஸ். நுனியை உடைச்சுப் பார்க்கலையே?”

“பார்க்கணும்.”

வாய்ப்புறத்தைச் சுற்றியிருந்த ரப்பர் வளையத்தில் நகத்தை அழுத்தினார். பள்ளம் விழுந்தது. நகத்தை எடுத்ததும் பள்ளம் மறைந்தது. நெம்பி எடுத்து வளைத்துப் பார்த்தார். வெடிப்பு இல்லை. கட்டை போல விறைத்திருக்கவும் இல்லை.

“பழசானா முதல்ல ரப்பர்தான் போகும். இது போகல.”

“எங்க அத்தைக்கு முதல்ல காது போச்சு” என்றாள் குருவி. சொல்லிவிட்டுத் தானே வாயை மூடிக்கொண்டாள். இன்று எந்த நகைச்சுவையும் அந்த அறையில் நிற்கவில்லை.

டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். பூச்சிக்கூடு இல்லை. கவிழ்த்துத் துணி மேல் தட்டினார். ஒரு துகள் விழவில்லை. பென்சில் முனையால் உள்ளிருக்கும் ரப்பர் மடலைத் தள்ளினார். அது மெல்ல விலகி, மெல்லத் திரும்பி வந்து மூடிக்கொண்டது.

பிறகு ஹேக்ஸா பிளேடு.

“பாஸ்! மாஸ்டர் பொருள்!”

“இதை இனிமே யாரும் மாட்டப் போறதில்ல.”

தகரத்தை வட்டமாக அறுத்துக் கழற்றினார். உள்ளே மடிப்பு மடிப்பாகக் காகிதம். விசிறி போல் பிரித்துப் பார்த்தார். எல்லா மடிப்பும் ஒரே சீர். கிள்ளினார், பொடியவில்லை. இரண்டு முனையிலும் பசை விடவில்லை.

“முடிவு?”

“பழசு. ஆனா கெட்டுப்போகல. இன்னிக்கு மாட்டினாலும் ஓடும்.”

குருவி அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். “ஒரே அலமாரி. ஒரே ஜோடி. இது நல்லாயிருந்தா அதுவும் நல்லாத்தானே இருந்திருக்கணும்?”

“ம்.”

“அப்புறம் ஏன் மருமகன் ஒத்துக்கிட்டான்?”

“செஞ்ச தப்பை மறைக்கிறவனைப் பார்த்திருக்கோம். செய்யாத தப்பை வலிய வந்து ஒத்துக்கிறவன் எதை மறைக்கிறான்?” சர்வேயர் சட்டையை மாட்டிக்கொண்டார். “யார்டுக்குப் போலாம்.”

*

விபத்து வண்டிகள் கிடக்கும் யார்டு. புல் முழங்கால் உயரம். பின்பக்கம் அடிபட்டு, பாதி நீளத்துக்குச் சுருங்கிக் கிடந்தது அந்தக் கார். முன்பக்கம் ஒரு கீறல் இல்லாமல் பளபளத்தது. அதுதான் பார்க்க முடியாமல் இருந்தது.

சர்வேயர் கோணியை விரித்து அடியில் நுழைந்தார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. குருவி காவலாளியைப் பிடித்துக்கொண்டாள்.

“இந்த வண்டியை யாரெல்லாம் வந்து பார்த்தாங்கண்ணே?”

“இன்சூரன்ஸ்காரங்க வந்தாங்க. சுத்தி நின்னு போட்டோ புடிச்சாங்க, போயிட்டாங்க. கீழ குனிஞ்சா பேன்ட்டு அழுக்காயிடும்ல. அப்புறம் அந்தம்மாவோட வீட்டுக்காரரு வந்தாரு.”

“அவர் குனிஞ்சாரா?”

“குனியுறதா? சார் போன மாதிரியே உள்ள போனாரு. போனவரு வரவே இல்லம்மா. கூப்பிட்டுப் பார்த்தேன், சத்தமில்ல. ஆளு போயிட்டாரோன்னு பயந்து காலைப் புடிச்சு இழுத்தேன். வெளிய வந்தாரு. கையெல்லாம் ஆயிலு. சோப்பு எடுத்துக் கொடுத்தேன். கழுவாமலேயே போயிட்டாரு.”

அடியிலிருந்து ஃபில்டர் வெளியே வந்தது. பிறகு சர்வேயர்.

“கையாலேயே கழண்டு வந்துடுச்சு. யாரோ எடுத்துட்டு, திரும்பப் பேருக்குத் திருகி வச்சிருக்காங்க.”

“மருமகன்.”

“இதைப் பாரு.” ஃபில்டரின் ரப்பர் வளையத்தைக் காட்டினார். “எஞ்சினோட தட்டையான இரும்பு மேல அழுந்தியிருந்தா ரப்பரும் தட்டையா அழுந்தியிருக்கும். இங்க எப்படி இருக்கு?”

குருவி விரலால் தடவினாள். ஒரு பக்கம் ஆழமாக, பிறை போல ஒரு பள்ளம். மறுபக்கம் ஒன்றுமில்லை.

“உருண்டையா ஏதோ அழுந்தியிருக்கு. அழுந்தி, ஒரு பக்கமா வழுக்கியிருக்கு.”

“இன்னொரு ரப்பர் ரிங்.”

“ரெண்டு ரிங்கா?”

“ஒண்ணு மேல ஒண்ணு. மெதுவா ஓட்டுற வரைக்கும் தாங்கும். பைபாஸ்ல வேகம் பிடிச்சதும் உள்ள ஆயில் அழுத்தம் ஏறும். ரிங் ஒரு பக்கமா வழுக்கும். அவ்வளவுதான். அடுத்த சில நிமிஷத்துல ஒரு சொட்டு மிஞ்சாது.”

“இன்னொண்ணு எங்க?”

“இல்ல. ரப்பருக்குக் கால் கிடையாது.”

குருவியின் கண்கள் மின்னின. “புரிஞ்சுபோச்சு பாஸ்! ரெண்டு ரிங்கைப் போட்டு மாட்டினது மருமகனோட முட்டாள்தனம். அதைக் கண்டுபிடிச்சிட்டான். ஒண்ணை உருவிட்டு, பழியைப் பழைய ஃபில்டர் மேல தூக்கிப் போட்டுட்டான். கடையில வாங்கின பொருள் மேல பழி போட்டா ஆள் தப்பிச்சுக்கலாம்ல? மாஸ்டர் சந்தேகம் சரிதான்!”

சர்வேயர் கோணியைச் சுருட்டினார். கையைத் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார்.

*

மருந்துக் கடை பூட்டியிருந்தது. வீடு அதன் மாடியில்.

கதவைத் திறந்தவனுக்கு முப்பதுக்குக் கொஞ்சம் மேல். சட்டைப் பொத்தான் ஒன்று தவறிய துளையில் மாட்டியிருந்தது. கூடத்தில் ஒரு சிறுமி காலி மருந்து அட்டைப் பெட்டிகளை ரயில் போல வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். சுவரோரம், பூப்போட்ட உறை மாட்டிய செல்போன் ஒன்று சார்ஜில் கிடந்தது.

“அவங்களோடதா?” என்றாள் குருவி.

“சார்ஜ் இறங்கிடும்” என்றான் அவன்.

சர்வேயர் உட்காரவில்லை.

“அந்த ரிங் எங்க?”

எந்த ரிங் என்று அவன் கேட்கவில்லை. உள்ளே போய், குழந்தைக்கு எட்டாத அலமாரித் தட்டிலிருந்து ஒரு மாத்திரைக் குப்பியை எடுத்து வந்தான். உள்ளே கறுப்பாகச் சுருண்டு கிடந்தது.

குருவி பாய்ந்தாள். “தடயத்தை மறைக்கிறது குத்தம், தெரியுமா? ரெண்டு ரிங்கோட மாட்டினது நீங்க. அதைச் சொல்லாம...”

“குருவி.” சர்வேயரின் குரல் தாழ்ந்திருந்தது. “அவர் மாட்டின ரிங் அவர் மாட்டின ஃபில்டர்லயே இருக்கு. நீ தடவிப் பார்த்த. அப்போ இது யாரோடது?”

“இது... முன்னாடி இருந்த ஃபில்டரோடது.”

“அதைக் கழட்டினது யாரு?”

குருவி குப்பியைப் பார்த்தாள். “மாஸ்டர்” என்றாள் மெல்ல.

மருமகன் கதவைப் பாதி சாத்தினான். குழந்தைக்குக் கேட்காத குரலில் பேசினான்.

“கழட்டும்போது சில சமயம் பழைய ரிங் எஞ்சின்லயே ஒட்டிக்கும். கழட்டுறவங்க பிய்ச்சு எடுக்கணும். மாமா எடுத்திருப்பார்னு நான் நினைச்சேன். மாட்டுறதுக்கு முன்னாடி நான் தடவிப் பார்ப்பேன்னு அவர் நினைச்சிருப்பார். ஒருத்தரே முழு வேலையும் செஞ்சிருந்தா இது நடந்திருக்காது. ரெண்டு பேரும் ஆளுக்குப் பாதி செஞ்சோம். இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட அது ஒட்டினதில்ல.”

“அந்த ஃபில்டரை மாட்டுறதுக்கு முன்னாடி பார்த்தீங்களா?”

“தேதியிலேர்ந்து ரப்பர் வரைக்கும் பார்த்தேன். நல்லாயிருந்தது.” கொஞ்சம் நிறுத்தினான். “ஃபில்டரைத்தான் பார்த்தேன். அது போய் உட்காருற இடத்தைப் பார்க்கல.”

“அப்போ பாதித் தப்புதான் உங்களோடது. அதை அவர்கிட்டச் சொல்லியிருக்கலாமே” என்றாள் குருவி. அவள் குரல் இறங்கியிருந்தது.

“அவர் பாதியா எடுத்துக்க மாட்டார் மேடம். முழுசா எடுத்துப்பார்.” குப்பியை உள்ளங்கையில் உருட்டினான். “ஒரே பொண்ணு. அவளுக்கு வண்டி ஓட்டக் கத்துக்கொடுத்ததும் அவர்தான். இப்ப என் மேல கோபம் இருக்கு. அந்தக் கோபத்துலதான் காலையில எழுந்து, குளிச்சு, சட்டை போட்டுக்கிட்டு வக்கீல் வீட்டுக்குப் போறார். அதையும் பிடுங்கிட்டா அவர் படுக்கையை விட்டு எழுந்திருக்க மாட்டார்.”

“அதுக்காகப் பாப்பாவை விட்டுடுவீங்களா?”

“விட மாட்டேன்.”

“எப்படி? திங்கட்கிழமை கோர்ட்ல என்ன சொல்லுவீங்க?”

“தெரியல.”

கதவிடுக்கில் மருந்துப் பெட்டி ரயில் நுழைந்தது. பின்னாலேயே சிறுமியின் தலை.

“அப்பா, தள்ளி நில்லு. ரயில் வருது.”

அவன் தள்ளி நின்றான். ரயில் போய் முடிந்தது.

“அவர்கிட்டச் சொல்லாதீங்க சார்” என்றான்.

சர்வேயர் மாடிப்படி இறங்கினார்.

*

டிரைவிங் ஸ்கூல் ஓர் ஒற்றை அறை. சுவரெங்கும் சாலைக் குறியீடுகள். வளைவு, பள்ளம், ஹாரன் அடிக்காதே. மாணவர்கள் உட்காரும் பெஞ்சில் தூசி. சாயங்கால வெயில் வாசலோடு நின்றுவிட்டது.

“எழுதிட்டீங்களா?” என்றார் மாஸ்டர்.

சர்வேயர் அறுத்த ஃபில்டரை மேசை மேல் வைத்தார்.

“நல்ல ஃபில்டர் மாஸ்டர். கெட்டுப்போகல.”

“பழசு சார் அது!”

“பழசுதான். கெட்டுப்போகல.”

“உங்களுக்கு அவன் ஏதாவது கொடுத்தானா?”

குருவி சீறப்போனாள். சர்வேயர் கண்ணாலேயே அடக்கினார்.

“மாஸ்டர். நீங்க கழட்டின ஃபில்டர் எங்க?”



மாஸ்டர் மறுப்பார் என்று குருவி எதிர்பார்த்தாள். கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்தார். செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை எடுத்து வைத்தார். பிரித்தார். எண்ணெய் குடித்துக் கறுத்த ஃபில்டர். வாயைச் சுற்றி ஒரு பள்ளம். அதில் ரப்பர் இல்லை.

“தேடினேன்” என்றார். “ஷெட்டுல தேடினேன். ஆயில் பிடிச்ச சட்டியில கையை விட்டுத் துழாவினேன். குப்பைத்தொட்டியைக் கொட்டிப் பார்த்தேன். கழட்டும்போது கழண்டு விழுந்திருக்கும். எலி தூக்கிட்டுப் போயிருக்கும்.” குருவியை நிமிர்ந்து பார்த்தார். “எலி ரப்பரைத் திங்கும்லம்மா?”

குருவி ஃபில்டரைப் பார்த்தாள்.

“சில எலி திங்கும்” என்றாள்.

மாஸ்டர் தலையை ஆட்டினார். அவள் பொய் சொல்கிறாள் என்பது அவருக்குப் புரிந்தது. அதற்காக நன்றி சொல்வது போல ஆட்டினார்.

“உங்களுக்கு முன்னாடியே சந்தேகம் இருந்தது” என்றார் சர்வேயர். “அவர் வந்து ஃபில்டர்தான்னு சொன்னதும் அதைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டீங்க. அது போதலை. இன்னொருத்தர் வாயால, எழுத்துல வேணும்னு என்கிட்ட வந்தீங்க.”

“நீங்க எழுதிக் கொடுத்திருந்தா நான் தூங்கியிருப்பேன் சார்.”

“தூங்கியிருக்க மாட்டீங்க.”

மாஸ்டர் அந்த வெற்றுப் பள்ளத்தை ஒரு விரலால் சுற்றினார். ஒரு சுற்று. இன்னொரு சுற்று.

“அந்த ரிங் எங்க இருந்துச்சு?”

சர்வேயர் சுவரிலிருந்த சாலைக் குறியீட்டைப் பார்த்தார்.

“அவன் யார்டுக்குப் போனான்ல?” மாஸ்டரின் விரல் நின்றது. “அடியில படுத்துப் பார்த்திருப்பான். எதையும் ரெண்டு தடவை பார்க்கிறவன். பார்த்திருப்பான்.” கையை இழுத்துக்கொண்டார். “பார்த்துட்டுத்தான் என்கிட்ட வந்து அப்படிச் சொன்னானா?”

சர்வேயர் வாய் திறக்கவில்லை. பேசாமலிருப்பதும் ஒரு சர்டிஃபிகேட்தான்.

“நான் அவனை வாசல்ல நிக்க வச்சுப் பேசினேன் சார். தெருவே பார்த்துச்சு. நான் பேசினதையெல்லாம் ஒரு மனுஷன்... நின்னு கேட்டுக்கிட்டிருந்தான்.”

அழுவார் போலிருந்தது. அழவில்லை. இழுப்பறையை மூடினார். செல்போனை எடுத்தார். எண்ணைத் தேட வெகு நேரம் ஆனது. காதில் வைத்தார்.

“மாப்ளே. நான்தான்.”

மறுமுனையில் என்ன சத்தம் கேட்டதோ தெரியவில்லை.

“வக்கீல்கிட்டப் பேசிடறேன். திங்கட்கிழமை நீங்க எங்கயும் வர வேணாம். பாப்பா அங்கேயே இருக்கட்டும்.” நிறுத்தினார். “இல்ல. போன்ல வேணாம். நான் வரேன். கடையைத் திறந்து வைங்க.”

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். விளக்கை அணைத்தார். மூவரும் வெளியே வந்ததும் ஷட்டரை இறக்கிப் பூட்டினார். வாசலில் பயிற்சிக் கார் நின்றது. சாவி அவர் கையில்தான் இருந்தது.

காரைத் தாண்டி நடக்க ஆரம்பித்தார்.

குருவி ஓடிப்போய் வழிமறித்தாள். “மாஸ்டர், ரொம்ப தூரம். வாங்க, நாங்க கொண்டு போய் விடறோம்.”

“வேணாம்மா.”

“இருட்டப் போகுது.”

“வண்டியில வந்தா உடனே வந்துடும்மா, அந்த வீடு” என்றார் மாஸ்டர். “என்ன சொல்றதுன்னு எனக்கு இன்னும் தெரியல.”